சைக்கிளுக்கு சிக்னல் உண்டா, பாஸ்?

சிக்னல்ல சிவப்பு. டைமர்ல 62... 61... 60... ஓடிக்கிட்டிருக்கு. உங்க பக்கத்துல பைக்கை உறுமவிட்டபடி ஒருத்தர். பின்னாடி ஆட்டோ. அதுக்கும் பின்னாடி 'பாம்ம்'னு டவுன் பஸ். இந்தக் கூட்டத்துக்குள்ளே புகுந்து, நெளிஞ்சு, ஸ்டாப் லைனைத் தாண்டி, ரெண்டு பக்கமும் ஒரு லுக் விட்டுட்டு, ஒரே ஒரு சைக்கிள் மட்டும் ஹாயா மிதிச்சுக்கிட்டுப் போகுது. டிராபிக் கான்ஸ்டபிள் பார்க்கிறார். ஒண்ணும் சொல்லலை. பைக்ல இருக்கிற நீங்க ஆக்ஸிலரேட்டரை முறுக்கி ஒரு அடி நகர்ந்தாலே விசில் பறக்குது!

"இது என்ன நியாயம்?" - கேன்டீன்ல இந்த மேட்டரைக் கிளப்பிப் பாருங்க. ஒரு டீ ஆறுறதுக்குள்ள ரெண்டு கோஷ்டி ரெடி. "ரோடுன்னா எல்லாருக்கும் ஒரே ரூல்தான்" என்பது பைக் கோஷ்டி. "பெட்ரோல் கிடையாது, புகை கிடையாது, யாருக்கும் தொல்லை கிடையாது. எங்களை ஏன்யா நிறுத்தறீங்க?" என்பது சைக்கிள் கோஷ்டி. நான் காலேஜ் படிச்ச நாலு வருஷமும் ரெண்டாவது கோஷ்டியில தலைவர் ரேஞ்சுல இருந்தவன். ஏன் அந்தப் பதவியை ராஜினாமா பண்ணினேன்னு அப்புறம் சொல்றேன். முதல்ல சட்டம் என்ன சொல்லுதுன்னு பார்த்துடலாம். ஏன்னா, அங்கேயே ஒரு ஆச்சரியம் காத்திருக்கு.

சட்டத்தின் கண்ணுக்குத் தெரியாத வண்டி

நம்ம ஊர்ல ரோட்டுக்கான பெரிய சட்டம், 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம். பேர்லயே விஷயம் இருக்கு பாருங்க... மோட்டார்! இயந்திர சக்தியால ஓடுற வண்டிதான் அதுக்கு வண்டி. நாலு சக்கரத்துக்குக் குறைவா இருந்து, இன்ஜினும் 25 சி.சி-யைத் தாண்டலைன்னா அதைக்கூடக் கணக்குல சேர்க்காது. அப்போ காலால மிதிக்கிற சைக்கிள்? அந்தச் சட்டத்தைப் பொறுத்தவரை அது வண்டியே இல்லை. லைசென்ஸ் வேண்டாம், ஆர்.சி. புக் வேண்டாம், இன்ஷூரன்ஸ் வேண்டாம், ஹெல்மெட் கட்டாயமில்லை. சிக்னலையும் ரோட்டோர போர்டுகளையும் மதிக்கணும்னு சொல்ற 119-வது பிரிவுகூட 'மோட்டார் வாகன ஓட்டுநர் ஒவ்வொருவரும்' என்றுதான் ஆரம்பிக்குது. கம்பத்து மேல கேமரா வெச்சு அபராதச் சீட்டை மொபைலுக்கே அனுப்புற காலம் இது. ஆனா கேமரா படிக்கணும்னா நம்பர் பிளேட் வேணுமே? சைக்கிள்ல எதைப் படிக்கும்... மட்கார்டுல எழுதியிருக்கிற 'அம்மா துணை'யையா?

அதுக்காக 'சட்டமே நம்மைத் தொடாது'ன்னு காலரைத் தூக்கிவிட்டுக்காதீங்க. பொது வழியில அடுத்தவர் உயிருக்கு ஆபத்து வர்ற மாதிரி கண்மூடித்தனமா எந்த வண்டியை ஓட்டினாலும் குற்றம். பழைய இ.பி.கோ-வில் 279, 2024 ஜூலை 1-லேர்ந்து பாரதிய நியாய சன்ஹிதாவில் 281. ஆறு மாசம் வரை ஜெயில், இல்லைன்னா ஆயிரம் ரூபா வரை அபராதம், இல்லைன்னா ரெண்டும். அங்கே 'மோட்டார்' என்ற வார்த்தை கிடையாது. 'எந்த வாகனமும்' என்றுதான் இருக்கு. அதுல நம்ம ஹெர்குலிஸும் அட்லஸும் அடக்கம்!

உங்க தாத்தா கிட்ட கேட்டா வேற கதை சொல்வார். அவர் காலத்துல சைக்கிளுக்கு வரி கட்டி, அதுக்கு அடையாளமா ஒரு வில்லை வாங்கி மாட்டணும். ராத்திரியில விளக்கு இல்லாம போனா போலீஸ் பிடிக்கும். டைனமோ இல்லாதவங்க மண்ணெண்ணெய் விளக்கை மாட்டிக்கிட்டுப் போவாங்க. டபுள்ஸ் போனா கதை கந்தல். முக்குல தொப்பியைப் பார்த்ததும் பின்னாடி உட்கார்ந்திருக்கிறவர் குதிச்சு இறங்கி, 'யாரு சைக்கிளோ'ங்கிற மாதிரி நடந்து வருவார். மாட்டினா ஃபைன், இல்லைன்னா டயர்ல காத்து காலி. அன்னிக்கு ரோட்டை ஆண்டது சைக்கிள். அதான் அதுக்குச் சட்டமும் இருந்தது. மோட்டார் பெருகப் பெருக, போலீஸ் பார்வை அந்தப் பக்கம் போயிடுச்சு.

இன்னொரு தமாஷ் தெரியுமா? 'சைக்கிளுக்கும் அதே ரூல்'ங்கிறது ஒரு காலத்துல சைக்கிள்காரங்களுக்குக் கிடைச்ச பெருமை! பெட்ரோல் கார் பிறந்தது 1886-ல். அதுக்கு முன்னாடியே இங்கிலாந்து ரோடுகள்ல சைக்கிள் ஓடிக்கிட்டிருந்தது. குதிரை வண்டிக்காரங்களுக்கு அதைக் கண்டாலே ஆகாது. 1879-ல் லண்டன்ல ஒருத்தர் தாறுமாறா சைக்கிள் ஓட்டினார்னு வழக்கு. 'சைக்கிள் ஒரு வண்டியா, இல்லையா?'ன்னு நீதிமன்றத்துல விவாதம். வண்டிதான்னு தீர்ப்பு, தண்டனையும் உறுதி. ஒன்பது வருஷம் கழிச்சு, 1888-ல் சைக்கிளும் வண்டிதான்னு பார்லிமென்ட் சட்டமே போட்டது. கடமையோட சேர்த்து உரிமையும் வந்தது - 'இது வண்டின்னா, இந்த ரோட்டுல எனக்கும் பங்கு உண்டு'. இந்தப் பாயின்ட்டை ஞாபகம் வெச்சுக்குங்க.

கொஞ்சம் பிசிக்ஸ்... கோச்சுக்காதீங்க!

'எல்லாருக்கும் ஒரே ரூல்' என்று சொல்ற பைக் நண்பர்களுக்கு ஒரு பிளஸ் ஒன் கணக்கு. அரை எம் வி ஸ்கொயர் ஞாபகம் இருக்கா? சைக்கிளும் ஆளும் சேர்த்து 80 கிலோ, வேகம் மணிக்கு 15 கிலோமீட்டர்னு வெச்சுக்குவோம். இயக்க ஆற்றல் ஏறக்குறைய 700 ஜூல். பைக்கும் ஆளும் 170 கிலோ, வேகம் 50. கிட்டத்தட்ட 16,400 ஜூல். 23 மடங்கு! பத்து டன் பஸ் 40-ல் வந்தா ஆறு லட்சம் ஜூலுக்கும் மேலே. சைக்கிளைப்போல சுமார் 900 மடங்கு. மோதினா வாங்குற அடி இந்தக் கணக்குலதான் வரும். மூணு பேரையும் ஒரே தராசுல வெச்சு 'ஒரே ரூல்'ங்கிறது கேட்க சமத்துவம் மாதிரி இருக்கும். ஆனா ரூல் எதுக்கு வந்தது? 16,000 ஜூலையும் ஆறு லட்சம் ஜூலையும் கட்டிப்போடத்தான்!

அடுத்தது சிக்னல். 30 மீட்டர் அகலத்துல ஒரு ஜங்ஷன். பச்சை முடியுற கடைசி நொடியில, ரூல்படி நீங்க உள்ளே நுழையறீங்க. 40-ல் போற பைக் மூணு செகண்டுக்குள்ள அக்கரை போயிடும். மஞ்சள் விளக்கு எரியறதும் சாதாரணமா மூணு, நாலு செகண்ட்தான். பைக்குக்கு அளவெடுத்துத் தெச்ச சட்டை மாதிரி பொருந்துது. சைக்கிளுக்கு? ஏழு செகண்டுக்கு மேல ஆகும். நீங்க நட்டநடு ஜங்ஷன்ல இருக்கும்போது அந்தப் பக்கம் பச்சை விழும். நீங்க ஒரு தப்பும் பண்ணலை. ரூலை எழுத்துக்கு எழுத்து மதிச்சீங்க. இருந்தும் எதிர்ல முப்பது வண்டி உங்களைப் பார்த்துப் பாயுது! சைக்கிள்காரர் பச்சை விழறதுக்கு முன்னாடியே நழுவறது பல நேரம் திமிர் இல்லை பாஸ்... பயம். பின்னாடி உறுமிக்கிட்டிருக்கிற படை கிளம்பறதுக்குள்ள தப்பிச்சுடணும்ங்கிற பயம்.

'ஃப்ரீ லெஃப்ட்' இன்னொரு வில்லன். இடது ஓரமா ஒழுங்கா போற சைக்கிள் நேரா போகணும். ஃப்ரீ லெஃப்ட்ல திரும்பற வண்டியெல்லாம் அந்த இடது ஓரத்துலதான் வெட்டிக்கிட்டு வரும். அப்புறம், ரைட் எடுக்கிறது. ரூல்படி நடு மீடியன் ஓரமா போய்த் திரும்பணும்னா, மூணு லேன் லாரி-பஸ்ஸைக் குறுக்கே வெட்டணும். நம்ம ஊர் பால்காரர் அப்படிப் பண்ணவே மாட்டார். ஓரமாவே நேரா அக்கரைக்குப் போய், அங்கே நின்னு, அந்தப் பக்கத்து பச்சையில திரும்புவார். யாரும் அவருக்குச் சொல்லித்தரலை. டென்மார்க்ல சைக்கிளுக்கு இதுதான் சட்டம்! அங்கே வண்டிகள் வலது பக்கம் போறதால திசை மட்டும் மாறும்.

சில ஊர்கள்ல இதையெல்லாம் யோசிச்சு ரூலையே மாத்தியிருக்காங்க. அமெரிக்காவுல ஐடஹோ மாநிலம் 1982-லயே, 'ஸ்டாப் போர்டுல சைக்கிள் முழுசா நிக்க வேண்டாம்; வேகத்தைக் குறைச்சு, வர்றவங்களுக்கு வழி விட்டுட்டுப் போகலாம். சிவப்பு சிக்னல்ல நின்னு பார்த்து, யாரும் வரலைன்னா போகலாம்'னு சட்டம் போட்டது. சில்லறைக் கேஸ்கள் கோர்ட்டை அடைச்சுக்கிட்டிருந்ததும் அதுக்கு ஒரு காரணம். டெலவேர் மாநிலம் 2017-ல் ஸ்டாப் போர்டுக்கு மட்டும் இதே மாதிரி விதிவிலக்கு கொடுத்தது. முன்னாடி 30 மாசம், பின்னாடி 30 மாசம்னு அந்த ஊர் போலீஸ் ஒப்பிட்டப்போ, ஸ்டாப் போர்டு சந்திப்புகள்ல சைக்கிள் விபத்து 23 சதவிகிதம் குறைஞ்சிருந்தது. பாரீஸ்ல 2015-லேர்ந்து, தனி போர்டு மாட்டின சிக்னல்கள்ல மட்டும், நடந்து போறவங்களுக்கு வழி விட்டுட்டு சைக்கிள் சிவப்புலயே போகலாம்.

"அப்படிப் போடு! நம்ம ஊருக்கும் அதைக் கொண்டு வாங்க"ன்னு சைக்கிள் கோஷ்டி விசில் அடிக்கிறது கேட்குது. கொஞ்சம் இருங்க. அந்தச் சட்டம் எதுவும் 'கண்டுக்காம போ'ன்னு சொல்லலை. 'வழி விட்டுட்டுப் போ'ன்னுதான் சொல்லுது. நம்ம ஜங்ஷன்ல சிவப்பு விழற அந்த அரை நிமிஷம்தான் நடந்து போற பாட்டிக்கும் ஸ்கூல் பிள்ளைக்கும் கிடைக்கிற ஒரே சான்ஸ். அதுக்குள்ள சைக்கிள் புகுந்தா, பைக்காரன் நமக்குப் பண்றதை நாம அவங்களுக்குப் பண்றோம்.

நான் ராஜினாமா பண்ணின கதை

சென்னை ஓ.எம்.ஆர். பக்கம் போயிருந்தீங்கன்னா தெரியும். நடுவுல மீடியன் போட்ட ஆறு வழிச்சாலை. எதிர்ப்பக்கம் இருக்கிற கடைக்குப் போகணும்னாகூட யு-டர்ன் தேடிப் போகணும். அப்போ எங்க ரூமுக்கும் மெஸ்ஸுக்கும் நடுவுல, சர்வீஸ் ரோட்டுல எதிர்த்திசையில போனா 200 மீட்டர். ஒழுங்கா சுத்திப் போனா ரெண்டு கிலோமீட்டர். பைக்குக்கு அது நாலு நிமிஷம். மிதிக்கிறவனுக்குப் பத்து நிமிஷம், ஒரு பனியன் வேர்வை, ஆறிப்போன தோசை. நான் எந்த வழியில போயிருப்பேன்னு உங்களுக்குச் சொல்லணுமா? தினமும் ராங் சைடுதான். 'இந்த ரோடைப் போட்டவன் சைக்கிளை நினைக்கலை. நான் ஏன் அவன் ரூலை நினைக்கணும்?'னு டயலாக் வேற.

ஒருநாள் சாயங்காலம், லேசா இருட்டின நேரம். லைட் கிடையாது. பெல் இருந்தது... மூடி கழண்டு போன பெல். டீக்கடை ஓரத்துலேர்ந்து ஒரு பெரியவர் ரோட்டுல இறங்கினார். வலது பக்கம் பார்த்தார். வண்டி எதுவும் வரலை. காலை எடுத்து வெச்சார். நான் அவருக்கு இடது பக்கத்துலேர்ந்து வந்தேன்.

அவர் பார்த்தது சரியான பக்கம். அந்த ரோட்டுல வண்டி வரவேண்டிய பக்கம் அதுதான். பைக்கா இருந்தா சத்தமாவது கேட்டிருக்கும். சைக்கிளுக்கு அதுவும் கிடையாது. இடது கையை ஊனி விழுந்தார். மணிக்கட்டு எலும்பு முறிஞ்சது. 700 ஜூல்னு மேலே அலட்சியமா எழுதினேன் இல்லையா... அறுபது வயசு எலும்புக்கு அது தாராளம்.

"சத்தமே இல்லாம வர்றியே தம்பி" - வலியில அவர் சொன்னது இவ்வளவுதான். அந்தப் பக்கம் வந்த போலீஸ்காரர் என்ன ஏதுன்னு விசாரிச்சார். "சைக்கிளா?"ன்னு கேட்டார். பைக்கா இருந்திருந்தா அந்த இடத்துலயே சாவியைப் பிடுங்கியிருப்பார். சைக்கிள்னதும், "ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க"ன்னு கிளம்பிட்டார். கேஸ் இல்லை, ஃபைன் இல்லை. தப்பிச்சோம்டான்னு இருந்தது. மறுநாள்தான் உறைச்சது. பைக் மோதியிருந்தா இன்ஷூரன்ஸ் கம்பெனி மேல வழக்குப் போட்டு அவருக்கு நாலு காசு நஷ்டஈடாவது வந்திருக்கும். மோதினது நான். அவர் ஒரு ஏ.டி.எம். வாட்ச்மேன். வேலைக்கு வந்தாத்தான் சம்பளம். மாவுக்கட்டு ஆறு வாரம்!

ரூம் பசங்க எல்லாரும் சேர்ந்து கொஞ்சம் பணம் தேத்தினோம். அவர் சம்பளத்துல பாதிகூட வரலை. மீதிக்கு நான் மெஸ்ல ஒருவேளை சாப்பாட்டை நிறுத்தினேன். பெருமைக்குச் சொல்லலை... செமஸ்டர் ஃபீஸ் கட்டின கையோட வேற வழி தெரியலை.

நடக்கிற தூரம்கூட ராங் சைடுல வண்டி ஓட்டாதேன்னு சொல்ற ரூல், சட்டப்புத்தகத்துல யாருக்காக எழுதியிருந்தாலும் சரி, அந்தப் பெரியவருக்காகத்தான் இருக்குன்னு அப்பதான் புரிஞ்சுது. லண்டன்ல 2016-ல் முன்பிரேக்கே இல்லாத சைக்கிள்ல வந்த ஒரு இளைஞர், ரோட்டைக் கடந்த 44 வயசுப் பெண்மணி மேல மோதி, அவர் இறந்தே போனார். அடுத்த வருஷம் அவருக்கு 18 மாசத் தண்டனை. வழக்குப் போட சரியான சட்டப்பிரிவு கிடைக்காம, குதிரை வண்டிக் காலத்து 1861-ம் வருஷச் சட்டத்தைத் தூசு தட்டி எடுக்க வேண்டியிருந்தது!

அப்போ எதுதான் ரூல்?

லைசென்ஸ், நம்பர் பிளேட், இன்ஷூரன்ஸ் எல்லாம் சைக்கிளுக்கும் கட்டாயமாக்கணும்னு சில அண்ணாச்சிகள் ஆரம்பிப்பாங்க. அது மட்டும் கூடவே கூடாது. நம்ம ஊர்ல சைக்கிள் யார் கையில இருக்கு? தொண்ணூறுகளின் ஆரம்பத்துல புதுக்கோட்டையில அறிவொளி இயக்கம் நடந்தப்போ, எழுத்தோட சேர்த்து சைக்கிளும் கத்துக்கிட்டாங்க கிராமத்துப் பெண்கள். குவாரிக்கும் ஆஸ்பத்திரிக்கும் யார் தயவும் இல்லாம போனாங்க. 2001-ல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்குன்னு தொடங்கின இலவச சைக்கிள் திட்டம், பின்னால எல்லா அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் விரிஞ்சது. உங்கள்ல எத்தனையோ பேர் அந்த சைக்கிள்ல பிளஸ் டூ முடிச்சுத்தான் இந்த கேம்பஸுக்கு வந்திருப்பீங்க. ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசல்ல நில்லுன்னா முதல்ல நின்னு போறது அந்தப் பொண்ணோட படிப்புதான்.

சைக்கிளை ரோட்டை விட்டே துரத்தற வைத்தியமும் நடந்திருக்கு. கொல்கத்தாவுல 2013-ல் 174 ரோடுகள்ல சைக்கிளுக்குத் தடை போட்டாங்க. பேப்பர் போடறவரும் பால் ஊத்தறவரும் தெருவுல இறங்கிப் போராடினாங்க. கார் நிக்க இடம் வேணும், சைக்கிள் ஓட இடம் வேண்டாம்!

என் கட்சி இப்போ இதுதான். ஒரு ரூல் சைக்கிளால அடுத்தவனுக்கு வர்ற ஆபத்தைத் தடுக்குதா? அது சைக்கிளுக்கும் உண்டு. ராங் சைடு வேண்டாம். சிவப்புல ஜீப்ரா கிராஸிங்கை வெட்டவே வேண்டாம். ராத்திரியில முன்னாடி வெள்ளை, பின்னாடி சிவப்பு விளக்கு. பிரேக், பெல். காதுல ஹெட்போன், கையில மொபைல் - வேண்டாம் சாமி. மத்தபடி, மோட்டாரை மனசுல வெச்சு எழுதின ரூலை அப்படியே சைக்கிள் தலையில கட்டறதும் வேண்டாம். பதிலுக்கு ரோடும் கொஞ்சம் இறங்கி வரணும். ஸ்டாப் லைனுக்கு முன்னாடி சைக்கிளுக்குத் தனியா ஒரு கட்டம். மத்தவங்களுக்கு அஞ்சு செகண்ட் முன்னாடி ஒரு பச்சை. மீடியன்ல சைக்கிள் தள்ளிக்கிட்டுப் போக ஒரு இடைவெளி. சென்னை மாநகராட்சி 2014-லயே, மோட்டார் இல்லாத போக்குவரத்துக்குன்னு கொள்கை வெளியிட்டு, போக்குவரத்து பட்ஜெட்டுல குறைஞ்சது 60 சதவிகிதம் நடக்கிறவங்களுக்கும் சைக்கிளுக்கும்னு எழுதி வெச்சது. எழுதினது பத்து வருஷத்துக்கும் முன்னாடி. உங்க ஏரியாவுல அது எங்கே ஓடுதுன்னு ஒரு ரவுண்ட் அடிச்சுப் பாருங்களேன்.

இதுக்கு அவசரமும் இருக்கு. 250 வாட்ஸுக்குக் குறைவான மோட்டார், 25 கிலோமீட்டருக்குள்ள வேகம்னா அங்கீகாரம் பெற்ற பேட்டரி சைக்கிளுக்கும் லைசென்ஸ் வேண்டாம். அது மிதிவண்டியா, மோட்டார் வண்டியா? 15-ல் வந்த நானே ஒரு கையை உடைச்சேன்.

சொல்ல மறந்துட்டேனே. ஆறு வாரம் கழிச்சு அந்தப் பெரியவருக்குக் கட்டுப் பிரிச்சாங்க. பஸ்ல போகலாம்னேன். "உன் சைக்கிள் எங்கே?"ன்னு கேட்டார். கொண்டு வந்தேன். புதுசா மாட்டின லைட்டைத் தட்டிப் பார்த்தார். பெல்லை ரெண்டு தடவை அடிச்சார். கேரியர்ல ஏறி உட்கார்ந்தார். சர்வீஸ் ரோடு முனைக்கு வந்ததும், பழக்க தோஷம், ஹேண்டில்பார் அதுவா இடது பக்கம்... எதிர்த்திசைக்குத் திரும்பிச்சு. முதுகுல ஒரு தட்டு.

"சுத்தியே போ தம்பி. டூட்டி எட்டு மணிக்குத்தான்."

சுத்தித்தான் போனோம். ரெண்டு கிலோமீட்டர். டபுள்ஸ்!